முதுகுக்குப் பின்னால் ஏறிய ஆறு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. நடந்த இடம் நான் வாழும் ஒஸ்லோ இல்லை. இங்கிலாந்தில், தேம்ஸ் ஆறு கடலோடு சேரப்போகிற இடத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு சின்ன ஊர். என் அண்ணா தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்த ஊர். அவருடைய சாம்பலைக் கரைக்கப் போய், அவருடைய ஒரே பிள்ளையையும் அந்த ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வரப் பார்த்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நான் பயந்த ஆள். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது இடம்பெயர்ந்தோம். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, கவலைப்படுகிற பழக்கம் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில், ஸ்டோவ்னரில் குடியிருக்கிறேன். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. காலையில் இறங்கி ரயில் நிலையம் வரை போய்விட்டு, அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். மனைவி சொல்லுவாள்: “இஞ்சரப்பா, அந்த அடுப்பு உங்களைக் கண்ட பயத்திலையே தானா நிண்டிடும்.” மழை வந்தால் கூரை ஒழுகுமோ என்று கவலை. மழை வராவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை என்று கவலை. அப்படி ஒரு பிறவி.

அண்ணா எனக்கு நேரெதிர். அகதியாக இங்கிலாந்துக்குப் போய், அந்த ஆற்றங்கரை ஊரில் பெட்ரோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்து, பிறகு அங்கேயே ஒரு சின்னக் கடை போட்டார். பால், பத்திரிகை, சிகரெட் விற்கிற கடை. ஆற்றுக்கு இறங்கிப் போகும் சரிவான தெருவின் மேல் நுனியில் இருந்தது. அவருக்கு அந்த ஊர்மேல் ஒரு பைத்தியம். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்து வாசிப்பார், கிழவர்களைப் பிடித்து வைத்துக் கதை கேட்பார். கேட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் எனக்குச் சொல்லுவார்.

“தம்பி, முந்திக் கப்பலெல்லாம் இஞ்சைதான் நங்கூரம் போட்டு நிக்குமாம். கடல் ஏறி இறங்கி, ஆத்துத் தண்ணி மாறும்வரைக்கும் ஒண்டும் அசையேலாது. காத்துக்கொண்டு நிண்ட ஆக்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் குடுத்துத்தான் இந்த ஊரே வளர்ந்தது. எங்கட பஸ் ஸ்டாண்டடிச் சாப்பாட்டுக் கடையள் மாதிரி எண்டு நினையன்.”

வேறு தேசங்களுக்குப் பிழைக்கப் போன ஆயிரமாயிரம் பேர் கடைசியாகப் பார்த்த இங்கிலாந்து இந்த ஊர்தானாம். கரையில் நின்று துணியை ஆட்டியவர்கள், அவர்களைப் பிறகு ஒருநாளும் காணவில்லையாம். கைதிகளை அடைத்து வைத்த பழைய கப்பல்கள் கீழ்ப்பக்கத்துச் சதுப்பில் கிடந்தனவாம். தேவாலயத்துக் கல்லறைகளில் பாதிக்கு, ஆற்றில் போனவர்களின் கதைதானாம். சிலதில் பெயரே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து போட்டவர்கள், யாரென்று தெரியாமலே புதைத்தார்களாம். ஆற்றங்கரையிலுள்ள பழைய மதுச்சாலையின் சுவரில், வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம்.

நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சலவை இயந்திரம் பழுதானால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். “அண்ணை, உந்தச் சரித்திரமெல்லாம் படிச்ச ஆக்களுக்கு. உங்கட பிறஷர் எப்பிடி, அதைச் சொல்லுங்கோ” என்பேன். அவர் சிரிப்பார். ஒருமுறை சொன்னார்: “இந்த ஊருக்கு ஒரு குணம் இருக்கடா. ஆரையும் பிடிச்சு வைக்காது. வாறவன் வருவான், போறவன் போவான். இஞ்சை இறங்கி இஞ்சையே நிண்டவன் நான் ஒருத்தன்தான்.”

நின்றவர் கடைக்குள்ளேயே விழுந்தார். நெஞ்சுவலி. அண்ணி அதற்கு முன்பே போய்விட்டார். மிஞ்சியிருந்தது அவர்களின் மகள் ஒருத்தி. யாழ்ப்பாணத்தில் அண்ணாவின் பிள்ளையைப் பெறாமகள் என்போம். இருபத்தெட்டு வயது, அங்கேயே பிறந்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஈமக்கடமை செய்ய ஆண்பிள்ளை இல்லை என்பதால் நான் போனேன்.

போகும் வழியெல்லாம் பயந்தேன். கடவுச்சீட்டைச் சட்டையின் உள்பையில் வைத்துவிட்டு, அது இருக்கிறதா என்று தட்டித் தட்டி நெஞ்சு நொந்துவிட்டது. எரித்த பிறகு சாம்பல் கையில் கிடைத்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு எனக்கு விமானம், திங்கள் வேலை. இந்துக்களுக்கென்று படகில் கூட்டிக்கொண்டுபோய்க் கரைக்க விடுகிற ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் அவருக்குப் புதன்கிழமைதான் நேரமிருந்தது.

“சித்தப்பா, புதன்வரைக்கும் நில்லுங்கோவன்” என்றாள் பிள்ளை.

“வேலையிலை என்ன சொல்லுவாங்களோ தெரியாது மோனை. ஆறு முன்னுக்குத்தானே கிடக்கு. கரையிலை நிண்டே செய்வம்.”

கோயில் ஐயர் போனில் முறையைச் சொல்லித் தந்தார். ஓடுகிற தண்ணீர் என்றால் சரி. முழங்காலளவு தண்ணீரிலாவது நிற்கவேண்டும். முதுகை ஆற்றுக்குக் காட்டிக்கொண்டு, பானையைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் விடவேண்டும். விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. நேரே கரைக்கு வந்துவிட வேண்டும். நம்முடைய ஆட்களுக்கு இது தெரிந்த முறைதான். போகிறவரை நாங்கள் பார்த்து இழுத்து வைக்கக் கூடாது என்பதற்காக.

அன்று காலை நான் பயந்தவற்றை இப்போதும் சொல்லுவேன். பானை கைதவறி உடைந்துவிடுமோ. போலீஸ் வந்து மறிக்குமோ. வேட்டி அவிழ்ந்துவிடுமோ. தேவாரத்தில் ஒரு வரி மறந்துவிடுமோ. நாய் குரைத்துக்கொண்டு வந்து காலில் பிடிக்குமோ. தண்ணீரை நினைத்து மட்டும் நான் பயப்படவில்லை. அது அவ்வளவு அமைதியாக, அவ்வளவு தூரத்தில் கிடந்தது.

மதுச்சாலைக்குப் பக்கத்தில் கல்படிகள் ஆற்றுக்குள் இறங்கின. படி முடிகிற இடத்தில் தண்ணீர் இல்லை. சாம்பல் நிறத்தில், இஸ்திரி போட்ட துணி மாதிரி மினுங்கிக்கொண்டு சேறுதான் கிடந்தது. அதற்கப்பால்தான் ஆறு. படியோரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை.

“சித்தப்பா, சேறு கவனம் எண்டு போட்டிருக்கு.”

“சேறெண்டால் காலைக் கழுவலாம்தானே. நீ படியிலையே நில். பொம்பிளைப் பிள்ளையள் இறங்கிற வழக்கமில்லை.”

அவள் உதட்டைச் சுழித்தாள். “அப்பான்ர பிள்ளை நான். ஆனா நான் படியிலை” என்று மெல்லச் சொன்னாள். ஆனாலும் நின்றாள்.

ஏன் போனேன் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பரவைக்கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது, நிலம் காலைத் தாங்கும். அதில் நடந்து பழகிய கால் இது. இத்தனை வருடம் பார்த்த ஒஸ்லோக் கடலும் காலையில் எந்தக் கல்லை நனைத்ததோ, பின்னேரமும் ஏறக்குறைய அதே கல்லைத்தான் நனைக்கும். ஒஸ்லோவின் ஆறு மேட்டிலிருந்து இறங்கி ஒரே பக்கமாக ஓடும். யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. கடல் ஏறினால் ஆறும் திரும்பி மேல்நோக்கி ஓடும், தெருவளவு உயரத்துக்கு ஏறும் என்பது என் அறிவில் கிடையாது. அதைச் சொன்ன ஒரே மனிதர் அப்போது என் தோளில், வெள்ளைத் துணியால் வாய்கட்டிய பானைக்குள் இருந்தார்.

வெறுங்காலுடன் இறங்கினேன். முதலில் பாதம் புதைந்தது, பிறகு கணுக்கால். குளிர் எலும்பில் ஏறியது. தண்ணீருக்கு வந்து, முழங்கால் நனையும்வரை போய், திரும்பி ஊரைப் பார்த்து நின்றேன். சரிவான தெருவும் தேவாலயத்தின் கூர்க்கோபுரமும் தெரிந்தன. தெருவின் உச்சியில், பூட்டிக்கிடந்த அண்ணாவின் கடையின் பச்சைப் பலகையும் தெரிந்தது.

“போயிட்டு வாங்கோ அண்ணை” என்றேன். பானையைப் பின்னால் விட்டேன். தொப்பென்று ஒரு சத்தம்.

அங்கேயே காலை எடுத்து நடந்திருந்தால் ஒன்றுமில்லை. தேவாரம் பாடினேன். பாடி முடித்ததும், நடுவில் ஒரு வரி விட்டுப்போய்விட்டது என்ற சந்தேகம் வந்தது. அண்ணாவுக்குக் குறையாகிவிடுமே என்று முதலிலிருந்து திரும்பப் பாடினேன். அப்போதும் சந்தேகம் போகவில்லை. நான் அப்படித்தான். அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போகிற ஆள்தானே.

“சித்தப்பா! தண்ணி வருது! பின்னாலை பாருங்கோ!”

“திரும்பிப் பாக்கக் கூடாது பிள்ளை! கத்தாமல் நில்!”

கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறை தொடங்கினேன். அப்போது என் இடுப்புக்குப் பின்னால் ஏதோ மெல்லத் தட்டியது. ஒருமுறை. பிறகு இன்னொரு முறை. உடம்பு விறைத்துப்போனது. பானைதான். நான் விட்ட இடத்தில் சேற்றில் குந்தியிருந்த பானை, தண்ணீர் ஏற ஏற மிதந்து வந்து என்னைத் தட்டுகிறது. அப்போதுதான் கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. எனக்கும் படிக்கும் இடையில் சேறாகக் கிடந்த இடமெல்லாம் தண்ணீர்.

நடக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. இடது காலை இழுத்தால் வலது கால் இன்னும் கீழே போனது. சேறு காலைப் பிடித்திருக்கவில்லை, உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆரையும் பிடிச்சு வைக்காத ஊர் என்று சொன்னாயே அண்ணை என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கத்தினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் வரவில்லை. நோர்வே மொழியில் கத்தினேன். கரையில் யாருமில்லை. பிள்ளை படியிலிருந்து குதித்து வந்துகொண்டிருந்தாள்.

“வராதை! வராதை மோனை!”

வந்துவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவளுடைய சப்பாத்து இரண்டும் புதைந்தன. ஒரு கணத்துக்குள் அவளும் என்னைப் போலவே நட்டு வைத்த கம்பமாகிவிட்டாள். போன் அவளுடைய கைப்பையில், கைப்பை படியில்.

“கையை விடு பிள்ளை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நீ போ.”

“விடமாட்டன்.”

“உன்ர கொப்பர் உன்னைப் பாக்கச் சொல்லி என்னட்டைத்தான் சொன்னவர்!”

“என்னட்டையும்தான் சொன்னவர்” என்றாள். பல் கிடுகிடுத்தது. “சித்தப்பா பயந்த மனுசன், பாத்துக்கொள் எண்டு.”

அந்த நேரத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல், சத்தமே இல்லாமல் நடு ஆற்றில் மேல்நோக்கிப் போனது. பெரிய கட்டிடமொன்று நகர்வதுபோல. அது போய்க் கொஞ்ச நேரத்தில் அலை வந்தது. என் முகத்துக்கு மேலால் போனது. தெளிந்து பார்த்தபோது அவள் இருமிக்கொண்டிருந்தாள், தண்ணீர் அவள் நெஞ்சளவு. அவள் என்னைவிடக் கட்டை. அவ்வளவு நேரமும் என்னைப் பற்றிய பயம் இருந்தது. அந்த அலையோடு அது போய்விட்டது. அண்ணாவின் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே உயிர் என் கையில் முடியப்போகிறது என்ற ஒன்றுதான் மிச்சம்.

மதுச்சாலை வாசலில் ஒரு பெண் வந்தார். ஏப்ரன் கட்டிய, பருத்த, நடுவயதுப் பெண். வாசலில் வைக்கிற கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுத வந்தவர். எங்களைக் கண்டதும் சோக்கட்டியைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்து ஏதோ கத்தினார். பிறகு அந்தப் பலகையையே தூக்கிக்கொண்டு படியால் ஓடி இறங்கினார். எங்களைப் பார்த்து வலப்பக்கம் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்.

“என்ன சொல்லுறா?”

“ஏதோ பாதையாம். பாதைக்கு வரட்டாம். எங்கை சித்தப்பா பாதை? தண்ணிதானே கிடக்கு!”

வலப்பக்கம் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே கறுத்த மரக்கட்டைகளின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்போதுதான் எனக்குள் அண்ணாவின் குரல் வந்தது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அரைக்காதால் கேட்டது. “படகுக்காரர் அந்தக் காலத்திலை கல்லாலை ஒரு பாதை கட்டி வச்சவங்கள் தம்பி, தண்ணி வத்தினாலும் ஆக்கள் சேறு படாமல் இறங்க. இப்ப சேறு மூடிப்போட்டுது. ஆனா கறுத்த கட்டையளுக்கு அங்காலை காலை வச்சால், கீழை கல்லுத்தான்.”

“பிள்ளை! கட்டைக்கு அங்காலை கல்லுப் பாதை இருக்கு! கொப்பர் சொன்னவர்! சப்பாத்தை விட்டிட்டுப் படு! தண்ணியிலை மல்லாக்கப் படு!”

“உங்களை விட்டிட்டு...”

“நீ போனால்தான் என்னை இழுக்க ஆள் இருக்கும்!”

பொய்தான். என்னை இழுக்கலாமென்று நான் நினைக்கவில்லை. அவளைப் போகவைக்க வேறு சொல் கிடைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. கையை விட்டாள். மல்லாந்து படுத்து, உதறி உதறிச் சப்பாத்திலிருந்து காலை எடுத்தாள். கையால் துழாவிக் கட்டைகளைப் பிடித்து அந்தப் பக்கம் உருண்டாள். ஒரு கணம் தலை தெரியவில்லை. பிறகு எழுந்தாள். இடுப்பளவு தண்ணீரில், நேராக, நின்றாள். கல்.

அந்தப் பெண் அதே கல்லுப் பாதையால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து அவளைத் தாண்டி என் பக்கம் வந்தார். கட்டை வரிசையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கரும்பலகையை நீட்டினார். பிடி என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் பலகையின்மேல் நெஞ்சை வைத்துப் படுத்தேன். மூக்குக்கு நேரே, சோக்கால் எழுதிய ஏதோ ஒரு சாப்பாட்டின் பெயர் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. அவர் என் சட்டையின் தோளில் பிடித்து இழுத்தார். பிள்ளை பின்னாலிருந்து அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ஏதோ முறிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பெண் கத்தினார். ஆனால் விடவில்லை. என் கால்கள் சேற்றை விட்டுக் கழன்றன. வேட்டி அதற்குள்ளேயே போயிற்று. நான் காலையில் பயந்தவற்றில் நடந்தது அது ஒன்றுதான்.

உயிர்காப்புப் படகு வந்தபோது நாங்கள் மூவரும் படியில் கிடந்தோம். மதுச்சாலைக்காரர்கள் மேசைவிரிப்புகளைக் கொண்டுவந்து சுற்றிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் வலது தோள் இடம் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி.

நான் அப்போதும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைதான் பார்த்தாள்.

“சித்தப்பா, பானை போகுது” என்றாள். “கடல் பக்கம் இல்லை. மேலை, லண்டன் பக்கமாப் போகுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பலைக் கடலோடு சேர்க்கவும் எனக்குத் துப்பில்லை என்று.

அவள் என் கையைப் பிடித்தாள். “அழாதேங்கோ. தண்ணி மாறினதும் திரும்பி வருவார். பின்னேரம் இதாலைதான் போவார்.”

ஆஸ்பத்திரியில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். பிள்ளைக்கு நுரையீரலுக்குள் ஆற்றுத்தண்ணீர் போய், காய்ச்சலாகி, ஒரு கட்டத்தில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் முடியாது. நான் பயந்துகொண்டே வந்த ஞாயிற்றுக்கிழமை விமானமும் திங்கட்கிழமை வேலையும் என்னவாயின என்று எனக்கே தெரியாது. அவள் கண்விழித்துக் கேட்ட முதல் கேள்வி, அந்த அன்ரிக்கு எப்படி என்பதுதான்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் இருவரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தோம். கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கப் போட்டிருந்தார்கள். தட்டுத் தூக்க முடியாததால் மதுச்சாலை வேலை போய்விட்டது என்றார். குறைசொல்லும் குரலில் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். யாருடைய சாம்பல் என்று கேட்டார். பிள்ளை சொன்னாள், தெருமுனைக் கடைக்காரர், என் அப்பா என்று. எனக்குள் ஓர் ஆசை. அந்த மனுசன் எவ்வளவு நல்லவர், காலையில் பால் வாங்கப் போவேன் என்று அவர் சொல்லுவார் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மன்னிக்கவேண்டும், அந்தக் கடைக்கு ஒருநாளும் போனதில்லை, பெரிய கடையில்தான் எல்லாம் வாங்குவது என்றார்.

அது எனக்குச் சேற்றைவிடக் குளிர்ந்தது. அண்ணா அந்த ஊரை எவ்வளவு அறிந்து வைத்திருந்தார்! அந்த ஊருக்கு அவரைத் தெரியாமலே போயிருக்கிறது. ஆனால் வெளியே வந்து தெருவில் இறங்கும்போது வேறொன்றும் தோன்றியது. தெரியாத மனிதரின் தெரியாத தம்பிக்காகத்தான் அந்தப் பெண் தன் தோளைக் கொடுத்தார். தெரிந்தவருக்கென்றால் யாரும்தான் செய்வார்கள்.

இதெல்லாம் நடந்து முடிந்து, நான் ஒஸ்லோ வந்துவிட்டேன். இடதுகால் விரல்கள் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. பனியில் நடக்கும்போது அந்தக் கால் என்னுடையதில்லை. மார்கழியில் வரும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்தப் பெண்ணுக்கு இங்கத்தைய பழுப்புச் சீஸ் ஒரு கட்டி அனுப்புகிறேன். இதை எங்கள் வீட்டில் நாய்கூடத் தின்னாது, ஆனாலும் அனுப்புவதை நிற்பாட்டவேண்டாம் என்று பதில் வந்தது. தோள் இன்னும் முழுதாக மேலே எழும்பவில்லையாம். அதை அவர் எழுதவில்லை, பிள்ளை சொன்னாள். சீஸ் அனுப்பித் தீர்க்கிற கணக்கில்லை அது என்று எனக்குத் தெரியும்.

போன கோடையில் பிள்ளை ஒஸ்லோ வந்திருந்தாள். கடற்கரைப் பலகையில் இருவரும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தோம். நீண்ட நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், “இது என்ன சித்தப்பா, அசையவே மாட்டனெண்டு கிடக்கு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் கல்லில் ஈரம் எதுவரைக்கும் இருக்கிறது என்று வந்தவுடனேயே பார்த்து வைத்திருந்தேன்.

கடையை விற்றுவிட்டாள். ஊரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவள்தான் போன் எடுக்கிறாள். சுகமா என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. “இப்ப ஏறுதா, இறங்குதா?” என்றுதான் கேட்பேன். “இறங்குது சித்தப்பா” என்பாள், இல்லாவிட்டால் “ஏறுது, இண்டைக்கு மூண்டாம் படிக்கு வந்திட்டுது” என்பாள். பிறகு அந்த வாரம் நூலகத்தில் எடுத்து வாசித்ததைச் சொல்லத் தொடங்குவாள். தகப்பன் மாதிரியே முதலிலிருந்து தொடங்கி, மூச்சுவிடாமல்.

நான் இன்னும் பயந்த ஆள்தான், அடுப்பைப் பார்க்க இன்னும் திரும்பிப் போகிறேன். ஆனால் ஒருவர் தன் ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், இப்போதெல்லாம் குறுக்கே மறிக்காமல் கடைசிவரை கேட்கிறேன். அதில் எந்தச் சொல், எந்த நாளில், யாருடைய காலுக்குக் கீழே கல்லாக வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது.